ஏசியில் கேஸ் தீர்ந்துபோவதில்லை

பெரம்பூரில் என் பெரியம்மா வீட்டு ஏசிக்கு மூன்று கோடையாகத் தொடர்ந்து கேஸ் போட்டார்கள். ஏப்ரல் கடைசியில் அறை குளிராமல் போகும். மெக்கானிக் வருவார். பால்கனியில் இருக்கும் வெளி யூனிட்டின் பைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கும்மா, போட்டுடலாம்" என்பார். அரை மணி நேரத்தில் வேலை முடியும். அந்தக் கோடை எப்படியோ ஓடிவிடும். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அதேதான். பெரியம்மாவுக்கு இதில் ஒரு தவறும் தெரியவில்லை. "அடுப்புக்கு சிலிண்டர் தீருது, வண்டிக்குப் பெட்ரோல் தீருது, இதுக்கும் தீரத்தானே செய்யும்?" என்று கேட்டார்.

தீராது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருளே இல்லை. அறையிலிருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டுத் திரும்பி வரும் ஒரு பொருள். கிணற்றில் வாளி இறங்கி ஏறுவது போல. எத்தனை குடம் நிறைந்தாலும் வாளி குறைவதில்லை. வெல்டு வைத்தும் நட்டு போட்டும் மூடிய குழாய்க்குள் அது பத்து, பதினைந்து வருடம் சுற்றிக்கொண்டே இருக்கலாம். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே ஊற்றுவதை நம் ஊரில் 'கேஸ் டாப் அப்' என்கிறார்கள். ஒழுகும் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் கிடைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பணம் போவது ஒரு பக்கம். காற்றில் போகும் கேஸ் செய்யும் கேடு அதைவிடப் பெரியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கேஸ் எப்படிக் குளிர்விக்கிறது என்று புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும். பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி போட்டு அழுத்தம் ஏற்றியதும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் சோறு வைத்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். மலை மேல் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும், இறங்கினால் இறங்கும். ஏசியின் மொத்த வித்தையும் இதுதான்.

வெளி யூனிட்டில் இருக்கும் கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூடு அதே யூனிட்டில் சுருண்டிருக்கும் கன்டென்சர் காயிலில் வெளிக்காற்றோடு போய்விடுகிறது, கேஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் நூல் போன்ற கேப்பிலரி குழாய் வழியாகவோ எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகவோ நெருக்கிப் புகுந்து, உள் யூனிட்டில் இருக்கும் அழுத்தம் குறைந்த கூலிங் காயிலுக்குள் வருகிறது. அங்கே ஏழெட்டு டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே? அதை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குக் குளிர் என்று படுவது அங்கே நடக்கும் கொதிப்புதான்.

இதற்குத் தேவைப்படும் கேஸ் மிகக் கொஞ்சம். வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். 'டன்' என்பதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. ஒரு டன் பனிக்கட்டி, அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகத்துக்குப் பெயர் ஒரு டன். பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்துக் கணக்கு அது. மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டியது. அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏசி பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, கேஸ் குறைந்தால் என்ன ஆகும்? குளிர் குறையும் என்பது எல்லோரும் சொல்வது. ஆனால் முதலில் கண்ணில் படுவது பல நேரம் பனிக்கட்டி. மெல்லிய பைப்பிலோ கூலிங் காயிலின் ஓரத்திலோ வெள்ளையாக ஐஸ் கட்டும். பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். இவ்வளவு ஐஸ் கட்டுகிற இயந்திரம் ஏன் அறையைக் குளிர்விக்கவில்லை? குக்கர் கணக்கைப் போட்டால் விடை வந்துவிடும். கேஸ் குறைந்ததால் காயிலில் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதால் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. இப்போதைய ஏசிகளில் அதிகம் இருக்கும் ஆர்-32 கேஸுக்கு அந்த எல்லை சுமார் 103 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு), பழைய ஏசிகளின் ஆர்-22க்கு சுமார் 58. அழுத்தம் காட்டும் கேஜ் அதற்குக் கீழே காட்டினால் காயிலில் படும் ஈரம் உறையத்தான் செய்யும். உள்ளே வரும் கொஞ்சத் திரவமும் காயிலின் வாசலிலேயே கொதித்துத் தீர்ந்துவிடுவதால் மீதிக் காயில் வெறுமனே கிடக்கிறது. ஓரத்தில் ஐஸ், நடுவில் வெதுவெதுப்பு.

கம்ப்ரசருக்கும் அதனால் ஆபத்து. சுற்றி வரும் கேஸ்தான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கிறது, எண்ணெயையும் சுமந்து வருகிறது. கேஸ் குறைந்தால் மோட்டார் சூடேறும், எண்ணெய் வழியிலேயே தங்கிவிடும். இரண்டு கோடை இப்படி ஓட்டினால் கம்ப்ரசர் மாற்றும் செலவில் வந்து நிற்கும்.

ஆனால் ஐஸ் கட்டினாலே கேஸ் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. ஃபில்டரில் தூசி கம்பளம் போலப் படிந்து காற்று போகாவிட்டாலும் காயில் உறையும். உள் யூனிட்டின் புளோயர் உருளையில் அழுக்கு ஏறியிருந்தாலும் அப்படியே. வெளி யூனிட் காயில் அழுக்கானாலும், அதன் ஃபேன் கெப்பாசிட்டர் பலவீனமானாலும் குளிர் குறையும். இவற்றில் ஒன்றுக்கும் கேஸ் போட்டுத் தீர்வு கிடையாது; போட்டால் அளவு மீறிவிடும். மீறினால் திரவமாகவே கம்ப்ரசருக்குள் போய் அதை உடைக்கும். திரவத்தை அழுத்த முடியாதல்லவா? ஆகையால் கேஜை மாட்டும் முன்பு ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கை நான் நம்புவேன்.

நான்காவது கோடையில் பெரியம்மா வீட்டுக்கு வேறொரு இளைஞரை அழைத்தோம். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அவர் பால்கனிக்குப் போகாமல் ஸ்டூல் போட்டு உள் யூனிட்டின் பின்பக்கத்தைத் தடவினார். வெள்ளை டேப் சுற்றிய இன்சுலேஷன் ஓரிடத்தில் பிசுபிசுவென்று இருந்தது. விரலை என்னிடம் காட்டினார். "எண்ணெய் சார். கேஸ் தனியாப் போகாது, எண்ணெயையும் கொஞ்சம் கூட்டிட்டுத்தான் போகும்." டேப்பைப் பிளேடால் கீறி உரித்ததும் பித்தளை நட்டு தெரிந்தது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சோப்பைக் குழைத்து நுரையை அதன் மேல் பிழிந்தார். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நட்டின் கீழ் விளிம்பில் கடுகு அளவில் ஒரு குமிழ். அது உளுந்து அளவு ஆயிற்று, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. மூன்று வருடக் கேஸும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. பெரியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இணைப்புக்குப் பெயர் ஃபிளேர். செப்புக் குழாயின் வாயைப் புனல் போல விரித்து, நட்டால் இறுக்கி மூடுவது. குழாயை வெட்டிய பிசிரை எடுக்காமல் விரித்தால் ஒழுகும். ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளாமல் ஒரே ஸ்பானரால் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினாலும் விரித்த வாய் மெலிந்து விரிசல் விடும். கை பலத்தை நம்பாமல், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும் என்று எல்லா நிறுவனக் கையேட்டிலும் இருக்கிறது. மெக்கானிக்கின் பையில்தான் அதைக் காண்பது அரிது. வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்றி மாட்டுகிறோமே, அங்கேதான் முக்கால்வாசி ஒழுகல் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டிலேயே அடைத்து வைப்பதை 'பம்ப் டவுன்' என்பார்கள். ஏசியை ஓடவிட்டு, மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூடுவார்கள். கேஸ் முழுதும் கம்ப்ரசர் பக்கம் வந்ததும் தடித்த பைப்பின் வால்வையும் மூடி உடனே நிறுத்த வேண்டும். இதில் பேச்சு பராக்கில் பைப்பைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரை ஓடவிட்டால் அது காற்றை இழுக்கும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டீசல் என்ஜினில் நடப்பது நடக்கும், கம்ப்ரசர் வெடிக்கும். அதில் உயிர் போயிருக்கிறது. அந்த நேரத்தில் வேலை செய்பவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

கசிவு எப்போதும் நட்டில் இருக்காது. காயிலே அரித்து ஊசித் துளை விழுவதும் உண்டு. கடலோரத்தில் உப்புக் காற்று ஒரு காரணம். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செப்பைக் கறுப்பாக்கும். வீட்டுக்குள்ளேயே பெயின்ட், பிளைவுட் பசை போன்றவற்றிலிருந்து வரும் அமில ஆவி செப்பில் எறும்புப் புற்று போலக் கிளை கிளையாகத் துளைக்கும். அதற்கு எறும்புப்புற்று அரிப்பு என்றே பெயர். இந்தத் துளைகள் சோப்பு நுரைக்கு எளிதில் பிடிபடாது. அதற்குத்தான் நைட்ரஜன். 300 பிஎஸ்ஐக்கு மேல் நைட்ரஜன் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். நைட்ரஜன் கைவசம் இல்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேரவே கூடாது.

ஓட்டையை அடைத்தபின் வருவது வேக்குவம், அதாவது குழாய்க்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்குவது. அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் படி இது. திறந்த குழாய்க்குள் காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். காற்று கன்டென்சரில் போய்த் தங்கி அழுத்தத்தை ஏற்றும், மின்சாரத்தைத் தின்னும். ஈரம் இப்போதைய செயற்கை எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். ஈரத்தை எப்படி வெளியேற்றுவது? மறுபடியும் கொடைக்கானல் கணக்குதான். வேக்குவம் பம்ப் அழுத்தத்தை இறக்க இறக்க, 30 டிகிரி வெயிலிலேயே குழாய்க்குள் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. பம்ப் அதை இழுத்துத் துப்புகிறது. 500 மைக்ரான் வரை இறங்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். மைக்ரான் இங்கே அழுத்தத்தின் அளவு. வெளிக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்றால் அது எவ்வளவு கீழே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அரை மணியாவது ஓட வேண்டும். நிறுத்திவிட்டு இன்னொரு பத்து நிமிடம் முள் ஏறாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பம்ப் தூக்கிவர அலுத்துக்கொண்டு, கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள் சிலர். 'பர்ஜிங்' என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றில் ஒரு பகுதி போகும். ஈரம் குழாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி அளவு. கேஜ் முள்ளைப் பார்த்து, கையால் பைப்பைத் தொட்டு, 'போதும்' என்று நிறுத்துவது பழைய ஆர்-22 காலத்துப் பழக்கம். 60லிருந்து 70 பிஎஸ்ஐ வந்தால் சரி என்று அப்போது ஓட்டினார்கள். இன்வெர்ட்டர் ஏசியில் அந்தக் கணக்கு உதவாது. கம்ப்ரசர் வேகம் நொடிக்கு நொடி மாறும், கூடவே முள்ளும் ஆடும். நிறுத்தி வைத்த ஏசியில் கேஜ் போட்டாலும் உண்மை தெரியாது. சமையல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ நிறைந்திருந்தாலும் இரண்டு கிலோ மிஞ்சியிருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். திரவம் துளி இருக்கும்வரை அழுத்தம் வெயிலைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. சிலிண்டரை நாம் தூக்கிப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? இதற்கும் எடைதான் வழி. வெளி யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். தராசில் கேஸ் சிலிண்டரை வைத்து, அத்தனை கிராம் இறங்கியதும் வால்வை மூட வேண்டும். நிறுவனம் சொன்ன நீளத்துக்கு மேல் பைப் போட்டிருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்று கையேட்டில் இருக்கும்.

எடை போட வேண்டுமானால் உள்ளே பழையது இருக்கக் கூடாது. மிச்சக் கேஸை ரெக்கவரி மெஷினால் தனி சிலிண்டருக்கு இழுத்துக்கொள்வதுதான் முறை. வீட்டு வேலைக்கு அந்த மெஷினைத் தூக்கி வருபவர்கள் குறைவு. வால்வைத் திறந்து 'உஸ்ஸ்' என்று வெளியே விட்டுவிடுகிறார்கள். முன்பு சொன்னேனே, காற்றில் போகும் கேஸ் கேடு செய்யும் என்று, அதன் கதை இங்கே வருகிறது.

குளோரின் கலந்த இந்த வகைக் கேஸ்கள் ஓசோனை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974இல் எழுதினார்கள். 1985இல் அன்டார்க்டிகா மேல் ஓட்டை தெரிந்தது, 1987இல் ஓசோனைக் காக்க மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி ஆர்-22 போகத் தொடங்கியது. இந்தியாவில் 2024 டிசம்பர் 31க்குப் பிறகு அந்தக் கேஸ் வைத்துப் புதிய ஏசி தயாரிப்பது நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்குவதில் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-22க்கு அது 1,810. இப்போது கடைகளில் அதிகம் இருக்கும் ஆர்-32க்கு 675. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் போட்ட திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களை 2032லிருந்து படிப்படியாகக் குறைத்து 2047க்குள் 85 சதவீதம் வெட்ட வேண்டும். பெரியம்மா வீட்டு நட்டு வழியாக மூன்று வருடத்தில் ஒன்றரை கிலோ ஆர்-32 போயிருந்தால் அது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. நாம் 24 டிகிரியில் வைத்து மின்சாரம் மிச்சம் பிடித்த பலனில் பெரும் பங்கை ஒரு பித்தளை நட்டு தின்றிருக்கும்.

ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும். ஏசியில் போடும் இன்னொரு கேஸான ஆர்-290 என்பது புரோபேன். நம் அடுப்பு கேஸில் இருக்கும் அதே புரோபேன். நன்றாகவே எரியும். சூழலுக்கு அது மிக நல்லது, பூமியைச் சூடாக்குவதில் அதன் கணக்கு வெறும் 3. ஆனால் அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். எந்தக் கேஸானாலும் வேலை நடக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், பூஜை விளக்கை அணைத்துவிடுங்கள். கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் வெல்டிங் தீயைக் காட்ட விடாதீர்கள்; தீயில் பட்ட கேஸ் நச்சு வாயுவாக மாறும். ஒரு கேஸுக்கு வடிவமைத்த இயந்திரத்தில் வேறு கேஸைப் போடவும் சம்மதிக்காதீர்கள். பழைய ஆர்-22 ஏசியில் ஆர்-410ஏ போட்டால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், குழாய் தாங்காது.

பெரியம்மா வீட்டு ஏசி ஆர்-32. அந்த இளைஞர் வந்தபோது அதில் கேஸ் அநேகமாகக் காலியாகியிருந்தது. ஃபிளேரை வெட்டிப் புதிதாக விரித்தார். நைட்ரஜன் ஏற்றி, எங்கள் வீட்டுக் காபி குடித்து முடிக்கும்வரை முள்ளைப் பார்த்தார். பம்பை 40 நிமிடம் ஓடவிட்டார். ஸ்டிக்கரில் 720 கிராம் என்றிருந்தது. தராசில் எண்கள் இறங்க இறங்க பெரியம்மா மளிகைக் கடையில் நிற்பது போலக் கூர்ந்து பார்த்தார். வேலை தொடங்கியபோது மணி இரண்டு, முடிந்தபோது ஐந்தரை. உள் யூனிட்டுக்குள் போகும் காற்று 30 டிகிரி, அதிலிருந்து வெளியே வருவது 18. சாதாரணமாக இந்த வித்தியாசம் 8லிருந்து 12 வரை இருந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

போகும் முன்பு வெளி யூனிட்டின் வால்வு மூடியைக் கழற்றி, அதன் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதி, ஆர்-32, 720 கிராம் என்று எழுதி மறுபடி மாட்டினார். அதற்கு முந்தைய மூன்று முறையும் எத்தனை கிராம் போனது என்று அந்த மூடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.